கணிப்பொறி விழிக்கும்போது யார் காவல்?

லினக்ஸ் இயங்கும் கணிப்பொறி ஒன்றுக்கு நீங்கள் ஃபயர்வால் விதிகள் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். வெளியிலிருந்து 22-ஆம் எண் போர்ட்டுக்கு வருபவை மட்டும் உள்ளே வரலாம். மற்றவற்றுக்கு அனுமதி இல்லை. சோதித்துப் பார்க்கிறீர்கள், சரியாக இருக்கிறது. இரவில் மின்சாரம் போய்த் திரும்ப வருகிறது. காலையில் பார்த்தால் ஒரு விதிகூட இல்லை! எங்கே போயின?

தகவல் பொட்டலங்களைச் சலித்துப் பிரிப்பது லினக்ஸின் மையப் பகுதியாகிய கெர்னல். 2001-இல் வெளியான 2.4 பதிப்பிலிருந்து, இந்த வேலையைச் செய்யும் பகுதிக்கு நெட்ஃபில்டர் என்று பெயர். ஐபிடேபிள்ஸ் மூலமோ, 2014-இல் அதற்கு அடுத்து வந்த என்எஃப்டேபிள்ஸ் மூலமோ நாம் கொடுக்கும் விதிகள் கெர்னலின் நினைவகத்தில்தான் தங்குகின்றன. மின்சாரம் போனால் அவையும் போய்விடும். ஆகவே விதிகளை வட்டில் ஒரு கோப்பாக வைத்து, ஒவ்வொரு பூட்டின்போதும் கெர்னலுக்குப் புதிதாகச் சொல்லவேண்டும்.

எப்போது சொல்வது? ஆர்சி.லோக்கல் என்னும் பழைய கோப்பில் எழுதிவிடுவது சுலபம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அது பூட்டின் கடைசிக் கட்டத்தில் ஓடுவது. அதற்குள் நெட்வொர்க் எழுந்து, சேவைகளும் தம் போர்ட்டுகளைத் திறந்துவிடக்கூடும். கதவைத் திறந்து வைத்துவிட்டுக் காவல்காரரைத் தேடப் போவது போன்றது இது! சில விநாடிகள்தானே என்று எண்ணவேண்டாம். முகவரி முகவரியாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இணையத்தில் இரவும் பகலும் ஓடுகின்றன.

இன்றைய லினக்ஸ் வகைகள் பலவற்றில் கெர்னல் முதலில் எழுப்பும் நிரல் சிஸ்டம்டி. மற்ற சேவைகளை வரிசைப்படுத்தி எழுப்புவது இதுதான். உங்கள் ஸ்கிரிப்டுக்கு ஒரு சிறு சேவைக் கோப்பு எழுதி, 'ஒன்ஷாட்' வகை, அதாவது ஒருமுறை ஓடி முடிவது, என்று குறிக்கவேண்டும். நெட்வொர்க்-பிரீ.டார்கெட் என்பது நெட்வொர்க் எழுவதற்கு முந்திய மைல்கல். அதற்கு 'பிஃபோர்' என்று ஒரு வரி போதும் என்று தோன்றும்; போதாது. யாராவது கேட்டால்தான் அந்த மைல்கல்லே நடப்படும். எனவே 'வான்ட்ஸ்' என்னும் வரியும் தேவை. பின்பு சேவையை 'எனேபிள்' செய்யவேண்டும். இதை மறப்பவர்கள் உண்டு.

நெட்வொர்க்குக்கு முன்பே ஓடுவதால் இன்னொரு சிக்கலும் உண்டு. விதியில் ஓர் இணையதளத்தின் பெயரை எழுதினால், அதன் எண் முகவரியைக் கேட்டறிய அப்போது வழி இராது. எண்ணையே எழுதுங்கள்.

ஐபிடேபிள்ஸ் ஸ்கிரிப்டு வரி வரியாக ஓடும். நடுவில் பிழை வந்தால் பாதிக் காவல்தான் கிடைக்கலாம். என்எஃப்டேபிள்ஸோ ஒரு கோப்பை முழுமையாக ஏற்கும், அல்லது முழுமையாக ஒதுக்கும். பூட்டின்போது ஒதுக்கிவிட்டால் காவலே இல்லை! என்எஃப்டி கட்டளையோடு 'சி' என்னும் குறியைச் சேர்த்தால், விதிகளை ஏற்றாமலே பிழைகளை மட்டும் காட்டும்.

அதன்பின் ஒருமுறை மறுபூட்டு செய்து, என்எஃப்டி லிஸ்ட் ரூல்செட் என்று கேட்டுப் பாருங்கள். இந்தச் சோதனையைக் கணிப்பொறியின் முன்னால் உட்கார்ந்தே செய்யவேண்டும். தொலைவிலிருந்து செய்யும்போது 22-ஆம் போர்ட்டை அனுமதிக்க மறந்திருந்தால், வெளியே நிற்கப்போவது நீங்கள்தான்!