சீதன வீடும் கட்டார் விசாவும்

அட்டாளைச்சேனையில் பரீட்சை முடிந்த கையோடு கடவுச்சீட்டு எடுக்கும் பிள்ளைகளைப் பற்றி எல்லோரிடமும் ஒரு விளக்கம் இருக்கிறது. தேநீர்க் கடையில் ஒன்று, பள்ளி முற்றத்தில் ஒன்று, தேர்தல் மேடையில் வேறொன்று. பல தவறானவை. அவற்றை நம்பித் திட்டம் போட்டால் காசும் போகும், பிள்ளையும் போவான்.

நம்பிக்கை: இந்தக் காலத்துப் பொடியன்மாருக்கு ஊரில் வேலை செய்ய மனமில்லை, சொகுசு தேடிப் போகிறார்கள்.

உண்மை: தோஹா வெயிலில் கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிறவன் சொகுசு தேடிப் போனவனல்ல. அவன் போன காரணம் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ராத்தாவுக்கு வீடு முடிக்க வேண்டும், அடுத்தது தங்கச்சிக்கு.

கிழக்குக் கரையில் முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதே வழக்கம். வீடு பெண்ணுக்குரியது. அக்கரைப்பற்றில் பல ஆண்டுகள் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதை விரிவாக எழுதியிருக்கிறார். இருக்கிற வீட்டை மூத்த மகளுக்குக் கொடுத்துவிட்டு, உம்மாவும் வாப்பாவும் மற்றப் பிள்ளைகளோடு இன்னொன்று கட்டிக் குடிபோவார்கள். மூன்று பெண்பிள்ளைகள் என்றால் மூன்று வீடு. வட்டையில் இரண்டு போகம் செய்யும் வாப்பாவின் வருமானத்தில் இது நடக்காது. காக்காவோ தம்பியோ விமானம் ஏற வேண்டும். அனுப்பிய காசு சீமெந்தும் கம்பியுமாகி நிற்கிறது. ஒரு தொழில் தொடங்க அதில் மிஞ்சுவது சொற்பம்.

நிலமும் போதாது. கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒடுங்கிய மணல் பட்டியில் ஊர்கள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. 2004 சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். அதன் பின் கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டத் தடை வந்து, பிறகு தளர்ந்தது. அக்கரைப்பற்றில் வீடிழந்தவர்களுக்காகச் சவூதி உதவியில் நுரைச்சோலையில் எழுந்த 500 வீடுகள், வழக்கும் 2009 உயர் நீதிமன்றத் தீர்ப்புமாக ஆண்டுக்கணக்கில் ஆளில்லாமல் கிடந்தன. கையளித்த இடங்களிலும் ‘குடும்பத் தலைவர்’ என்று ஆணின் பெயரைப் பதிந்ததால், பெண்ணுக்கு வழிவழியாக இருந்த உரிமை பல குடும்பங்களில் பறிபோனது.

சீதனத்தையே ஒழிப்போம் என்பவர்களோடு நான் பாதி வழிதான் போவேன். கணவன் கைவிட்டாலும் கூரை தன்னுடையது என்ற உறுதி இந்த ஊர்ப் பெண்ணுக்கு உண்டு, அதைத் தொடக்கூடாது. குறைக்க வேண்டியது சுமையை. குடியிருக்கத்தக்க அரச காணியை இளம் தம்பதியருக்குப் பங்கிட்டு, உறுதியை மனைவியின் பெயரில் எழுதலாம். ஓர் அறையும் குசினியும் முடிந்தால் நிக்காஹ்வை நடத்தலாம், மீதியை மாப்பிள்ளையும் சேர்ந்து கட்டட்டும் என்று ஜும்ஆப் பள்ளி நிர்வாகங்கள் கூடி ஒரே அளவு வைக்கலாம். ஒரு குடும்பம் மட்டும் இப்படிச் செய்தால் நல்ல மாப்பிள்ளை தட்டிப்போகும் என்ற பயம் நியாயமானது. ஊர் முழுக்கச் செய்தால் அந்தப் பயத்துக்கு இடமில்லை.

நம்பிக்கை: பெரிய திட்டம் ஒன்று வந்தால் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள்.

உண்மை: வந்ததே! டென்மார்க் கடனுதவியில் கட்டிய ஒலுவில் துறைமுகம் 2013 செப்டெம்பரில் திறக்கப்பட்டது. எதிர்பார்த்த வர்த்தகக் கப்பல்கள் வரவில்லை. மீன்பிடித் துறைமுகத்தின் வாயை மணல் அடைத்தது. அலைதடுப்புகள் மணலோட்டத்தை மறித்ததால் ஒலுவில், நிந்தவூர்க் கரைகளில் தென்னைகளோடு நிலமும் கடலுக்குள் போனது. கரைவலை இழுத்தவர்கள் கரையையே இழந்தார்கள். மணல் அள்ளுவதற்கு ஆண்டுதோறும் நிரந்தர ஒதுக்கீடும், அரிக்கும் கரைக்குப் பாதுகாப்பும் இன்னொரு அடிக்கல்லை விட அவசரமானவை.

நம்பிக்கை: பட்டம் எடுத்தால் அரச உத்தியோகம், உத்தியோகம் கிடைத்தால் ஊரோடு இருக்கலாம்.

உண்மை: அமைச்சராக இருந்த மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃபின் முயற்சியால் 1995இல் அட்டாளைச்சேனையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996இல் முழுப் பல்கலைக்கழகமாகி, ஒலுவிலில் நிலைபெற்றது தென்கிழக்குப் பல்கலைக்கழகம். போர்க்காலத்தில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் படிக்க முடியாமல் தவித்த எங்கள் பிள்ளைகளுக்கு அது பெரும் கொடை. ஆனால் பட்டத்தோடு சேர்ந்து நியமனக் கடிதம் வருவதில்லை. 2020இல் சுமார் 50,000 பட்டதாரிகளைப் பயிலுநராகச் சேர்க்க முன்வந்த அரசு, 2022இல் கடனைக் கட்ட முடியாமல் நின்றது. அந்த வாசலில் இனியும் எல்லோரையும் நிறுத்த முடியாது.

இங்கே யாரும் அதிகம் பேசாத ஒன்றைச் சொல்ல வேண்டும். வீடு பெண்ணின் பெயரில் இருப்பதால் ஊரில் நிற்பவள் அவள். படித்த பெண்ணுக்கு நடந்து போகும் தூரத்தில் கணக்கியல், மென்பொருள், தையல், உணவுப் பதனிடல் என்று வருமானம் கிடைத்தால், அவள் கணவனும் விசாவைப் புதுப்பிக்கும்போது ஒரு தரம் யோசிப்பான். இளைஞர் திட்டம் என்றதும் ஆண்களை மட்டும் எண்ணுவதால் இந்த வழி கண்ணில் படுவதில்லை.

நம்பிக்கை: கையில் ஒரு தொகை கொடுத்தால் தங்குவார்கள்.

உண்மை: ஸ்கொட்லாந்து அரசு தன் தீவுகளில் ஆட்களைத் தக்கவைக்க 50,000 பவுண் வரை கொடுக்கும் யோசனையை 2021இல் முன்வைத்தது. தீவு மக்களிடம் கருத்துக் கேட்ட பிறகு, 2022இல் அதைக் கைவிட்டது. அதே நாட்டின் எய்க் தீவில் 1997இல் மக்கள் அறக்கட்டளை அமைத்துத் தீவையே வாங்கினார்கள். 2008இல் காற்று, நீர், வெயில் கொண்டு சொந்த மின்சாரமும் கண்டார்கள். ஆட்கள் கூடினார்கள். நிலத்தைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரம் அங்கே இருப்பவர்கள் கைக்கு வந்தது.

நம்பிக்கை: போனவன் ஊருக்கு நட்டம்.

உண்மை: வடக்கே புங்குடுதீவிலிருந்து கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போன பலர் குடும்பத்தோடு அங்கேயே குடியாகிவிட்டார்கள். வளைகுடா அப்படியல்ல. ஒப்பந்தம் முடிந்தால் எங்கள் பிள்ளை திரும்பி வருகிறான். குளிரூட்டி திருத்தவும், மின்கம்பி இழுக்கவும், பாரந்தூக்கி ஓட்டவும் பழகியே வருகிறான், சான்றிதழ்தான் இல்லை. வகுப்பில் உட்காராமலே செய்முறை அனுபவத்தை மதிப்பிட்டு தேசியத் தொழிற்தகைமைச் (என்.வி.கியூ) சான்றிதழ் தரும் ஏற்பாடு நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. நோன்புப் பெருநாளுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் அவர்கள் விடுமுறையில் வரும் வாரங்களில் பிரதேச செயலகத்திலேயே அந்த மதிப்பீட்டை நடத்தலாம். வட்டிக்கு அஞ்சி சுயதொழில் கடனை ஒதுக்குபவர்கள் இங்கே நிறையப் பேர். அவர்களுக்கு இலாபப் பங்கு முறையில் முதல் கிடைக்க வேண்டும். அதே மேசையில், அதே நாளில் அந்த முதலுக்கான விண்ணப்பத்தையும் எடுத்துக்கொண்டால், வளைகுடாவுக்குத் திரும்பும் டிக்கெட்டை இரத்துச் செய்ய அவனுக்கு ஒரு காரணம் கிடைக்கும்.