என்பு மச்சையின் மூலதனம்

நமது குருதியிலுள்ள செங்குழியம் ஒன்றின் ஆயுள் ஏறக்குறைய 120 நாட்கள். வளர்ந்தவர் உடலில் வினாடிக்கு இருபது இலட்சம் வரையில் அழிகின்றன. அதேயளவு புதிதாகப் பிறக்கின்றன. இந்த வரவுசெலவை நடத்துபவை என்பு மச்சையிலுள்ள மூலக் கலங்கள். இவை பிரிவடையும்போது ஒரு பங்கு குருதிக் கலங்களாக முதிர்கிறது. மறு பங்கு மூலக் கலமாகவே நின்றுவிடுகிறது. கணக்காளர் மொழியில் சொன்னால், வட்டி செலவாகிறது, மூலதனம் அப்படியே இருக்கிறது. ரொறன்ரோவில் ரில், மக்கலொக் என்னும் ஆய்வாளர் இருவர் 1961இல் சுண்டெலிகளில் இதற்கான முதற் சான்றை வெளியிட்டனர்.

சில குருதிப் புற்றுநோய்களில் இம்மூலதனமே பழுதாகிறது. அப்போது இன்னொருவரின் மூலக் கலங்கள் தேவைப்படலாம். அதற்கு இழையப் பொருத்தம் வேண்டும். கூடப்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. வெளியே தேடினால், ஒரே பூர்வீகத்தவரிடமே பொருத்தம் கிடைப்பது கூடுதல். மேலைநாட்டுக் கொடையாளர் பதிவேடுகளிலோ நம்மவர் குறைவு.

சாதகப் பொருத்தம் பார்க்கும் நாம் இப்பொருத்தத்தையும் சிந்திக்கவேண்டும். பதிவதற்குப் பெரும்பாலும் உட்கன்னத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்துக் கொடுத்தாற் போதும். கொடுத்த கலங்களை உடல் சில வாரங்களில் நிரப்பிக்கொள்ளும். 18 வயது நிரம்பிய நமது பிள்ளைகள் பதிந்துகொண்டால், எங்கோ ஒரு தமிழ்க் குழந்தை பிழைக்க வழி பிறக்கும்.