நிறம் கடைசியில் வரட்டும்

அன்புத் தங்கச்சிக்கு,

நீ அனுப்பிய படத்தில் சாயம் ஏற்றிய மூன்று நூல் சிட்டங்கள்: பீட்ரூட், செம்பருத்தி, மஞ்சள்தூள். மூன்றும் அழகு, மூன்றும் நிற்காது. முதல் இரண்டும் சில அலசலிலேயே போய்விடும். மஞ்சள்தூள் பருத்தியில் சட்டென்று ஏறும். வெயிலில் வெளுக்கும், சோப்புப் பட்டால் சிவக்கும். சமையலறையில் கறைபடுவதெல்லாம் சாயம் ஆகாது.

அடுத்து எந்தப் பூ, எந்தப் பட்டை என்று கேட்டிருக்கிறாய். எந்தத் தண்ணீர் என்றுதான் நான் கேட்பேன். திண்டுக்கல்லில் குழாயில் வருவது ஒன்று, அதே வீட்டு போர்வெல்லில் வருவது வேறு. ஒரு டம்ளர் தண்ணீரில் கடுக்காய்க் கஷாயத்தைச் சில சொட்டு விடு. மை மாதிரி கருத்தால் அதில் இரும்பு இருக்கிறது. அந்தத் தண்ணீரில் நீ போடும் மஞ்சள் எல்லாம் பாசி நிறத்துக்கு மங்கிவிடும். சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் பிரிந்தால் அது சுண்ணாம்புச் சத்துள்ள உப்புத் தண்ணீர். அதில் நூலை வேகவைத்தால் கசடு நூலிலேயே ஒட்டி, சாயம் திட்டுத்திட்டாக ஏறும். ஐப்பசி மழையில் ஒரு டிரம் பிடித்து வைத்துக்கொள்.

உப்புத் தண்ணீரை முழுக்கத் திட்டவும் வேண்டாம். பழைய மதுரைச் சாயத்துணிகளின் சிவப்புக்கு வைகைத் தண்ணீரைத்தான் காரணம் சொல்வார்கள். அதை வெறும் ஊர்ப்பெருமை என்று தள்ள முடியாது. சாயவேரின் சிவப்பு, படிகாரத்தோடு சேரும்போது சுண்ணாம்புச் சத்தும் கூட இருந்தால்தான் பழுக்கும். அதனால் நூலை வேகவைக்க மழைத்தண்ணீர், வேர்ச்சிவப்புக்கு இரும்பில்லாத கிணற்றுத் தண்ணீர் என்று பிரித்து வைத்துக்கொள்.

இனி நூல். கம்பளியும் பட்டும் சாயத்தை வா என்று கூப்பிடும். பருத்தி அப்படி இல்லை, அதன் மேல் மெழுகு இருக்கிறது. சலவை சோடா போட்டு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வேகவை. தண்ணீர் டீ நிறத்துக்கு வரும். மறுபடி வேகவைக்கும்போது தண்ணீர் தெளிவாக இருந்தால் நிறுத்து. வெந்த நூல் தண்ணீரில் போட்டவுடன் அமிழ வேண்டும், மிதந்தால் இன்னும் வேகவில்லை. இந்த வேலையில் பாதிப்பேர் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள், பிறகு பூவைக் குறை சொல்கிறார்கள்.

அடுத்தது கடுக்காய். நூறு கிராம் காய்ந்த நூலுக்கு இருபது கிராம் பொடி, ஓர் இரவு ஊறட்டும். பிழிந்து, அலசாமல், நிழலில் உலர்த்து. வெயில் பட்டால் அந்த இடம் மட்டும் பழுப்பேறும். அதன் பிறகு படிகாரம், அதே எடைக்குப் பதினைந்திலிருந்து இருபது கிராம். கடுக்காயின் துவர்ப்பு பருத்தியைப் பிடிக்கும், படிகாரம் துவர்ப்பைப் பிடிக்கும், சாயம் படிகாரத்தைப் பிடிக்கும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் நிறம் கழன்றுவிடும்.

உன் ஊருக்கு இந்தத் துவர்ப்பு புதிதல்ல. திண்டுக்கல் தோல் ஷாப்புகளில் குரோமியம் வருவதற்கு முன் ஆவாரம் பட்டையும் கடுக்காயும்தான் தோலைப் பதப்படுத்தின. அதே ஆவாரம் பட்டைக் கஷாயத்தைக் கடுக்காய்க்குப் பதிலாகவும் வைக்கலாம், நிறம் கொஞ்சம் செம்மை தட்டும். ஆனால் ஒன்று: பட்டையும் காயும் என்பதால் அந்தத் தொழில் சாதுவாக இருக்கவில்லை. சுண்ணாம்புக் குழியில் இறங்கியவர்களின் கைகாலை டி. செல்வராஜின் ‘தோல்’ நாவலில் பார். குரோமியம் வந்தபின் நிலத்தடி நீர் கெட்டு, 1996-இல் உச்ச நீதிமன்றம் தோல் ஆலைகளைப் பற்றித் தீர்ப்புச் சொன்னபோது அதில் திண்டுக்கல் மாவட்டமும் இருந்தது. ஆகவே பச்சை நிறத்துக்கு மயில்துத்தம் என்ற செம்பு உப்பைப் போடு என்று யாராவது சொன்னால் கேட்காதே. அது செடிக்கும் மீனுக்கும் விஷம், உன் கழிவுத் தண்ணீர் போய்ச் சேர்வது இன்னொருவர் கிணற்றில். படிகாரம், கடுக்காய், கொஞ்சம் அன்னபேதி என்ற இரும்பு உப்பு, இவை போதும். அன்னபேதியிலும் கை நீளக் கூடாது. கறுப்பு அழகாக வரும், சில வருஷத்தில் நூல் இற்றுப்போகும்.

நிறத்துக்குக் காசு செலவழிக்காதே. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் வெங்காயச் சருகு சும்மா கிடைக்கும். பூ மார்க்கெட்டில் விற்காத செண்டுமல்லியை வாங்கிக் காயவை. ஜூஸ் கடைகளின் மாதுளை ஓடு இவை இரண்டையும்விட நன்றாக நிற்கும், அதில் துவர்ப்பும் உண்டு. சிவப்புக்கு மஞ்சணத்தி வேர். பென்சில் கனத்து வேரின் பட்டையில்தான் சாயம், பெருவேர் வெறும் விறகு. வேருக்காக மரத்தைத் தோண்டாதே. எங்கே பிளாட் போட ஜேசிபி இறங்குகிறதோ அங்கே போய் நில். வேர்ச்சாயத்தைக் கொதிக்கவும் விடாதே, சிவப்பு போய்க் காவி மிஞ்சும்.

திட்டில்லாமல் சாயம் ஏற்றக் கற்றுக்கொள்ளச் சின்னாளபட்டிக்குப் போ. சுங்குடிக்கும் தறிக்கும் பேர்போன ஊர். அங்கே இன்று ரசாயனச் சாயம்தான், அதனாலென்ன? கம்பில் மாட்டிய சிட்டத்தைச் சட்டியில் எத்தனை நேரத்துக்கு ஒரு தரம் திருப்புவது, எங்கே உதறுவது என்பதை அந்தச் சாயக்காரர்களின் கையைப் பார்த்துத்தான் படிக்க முடியும். இயற்கைச் சாயக்காரர்கள் அவர்களை இளக்காரமாகப் பேசுவது எனக்குப் பிடிக்காது. 1868-இல் ஜெர்மனியில், சாயவேரின் சாயப்பொருளான அலிசரினைச் செயற்கையாகச் செய்த பிறகு இங்கே வேர்ச்சாயம் படிப்படியாகச் சரிந்தது. பட்டறைக்காரன் வயிற்றுப்பாட்டுக்கு மாறிக்கொண்டான், அவ்வளவுதான்.

விற்பதற்கு முன் ஒவ்வொரு நிறத்திலும் பாதி நூலை அட்டையால் மூடி, சித்திரை வெயிலில் பதினைந்து நாள் வை. இரண்டு பாதிக்கும் வித்தியாசம் தெரிகிற நிறத்துக்கு ஆர்டர் எடுக்காதே.

அவுரியை இந்த வருஷம் தொடாதே. அதற்குப் படிகாரமே வேண்டாம், ஆனால் வெல்லம், சுண்ணாம்பு, தகரை விதை போட்டுப் புளிக்கவைத்த தொட்டியைத் தினமும் கிண்டி, முகர்ந்து, நிறம் பார்க்க வேண்டும். பரீட்சைக்குப் படித்துக்கொண்டே அது நடக்காது. தகரை விதையை மட்டும் இப்போதே சேர்த்து வை. மழை விட்டபின் ரோட்டோரம் காய் முற்றிக் கிடக்கும்.

அன்புடன்,
அக்கா