வரைபடப் பயணத்தின் கடைசி நாள்: பழவேற்காட்டிலிருந்து இராயபுரம் வரை

கிழக்குக் கடற்கரைச் சமவெளியைப் பத்தாம் வகுப்பில் ஒரு சாலைப் பயணமாக நடத்தலாம். சுந்தரவனத்தில் புறப்பட்டு மகாநதி, சிலிகா, விசாகப்பட்டினம், கோதாவரி, கிருஷ்ணா என்று சுவர் வரைபடத்தில் ஒரு நூலை நகர்த்தி வருகிறோம். ஒரு பாடவேளை, ஒரு நாள். முதல் நான்கு நாட்களை விரைவாகவே கடந்துவிடலாம். ஐந்தாம் நாள் நூல் எங்கள் வடசென்னைக்கு வந்துவிடும். இங்கே அவசரப்படக் கூடாது.

அன்று கரும்பலகையில் முதலில் எழுத வேண்டியது: நாம் தெற்கே வருகிறோம், மணல் வடக்கே போகிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் சாய்வாக மோதி மணலைக் கரையோரமாக வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவக்காற்று அதைத் திருப்பித் தள்ளினாலும் அதன் காலம் குறைவு. ஆகவே வடக்கிலிருந்து வருபவருக்கு முதலில் தெரிவது விளைவு. காரணம் பிறகுதான் தெரியும்.

பழவேற்காடு, காட்டுப்பள்ளிப் பக்கம் கரை அரிக்கப்படுகிறது. சற்றுத் தெற்கே வந்தால் 2001-இல் செயல்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகத்தின், அதாவது இன்றைய காமராசர் துறைமுகத்தின், அலைத்தடுப்புச் சுவர்கள். அவற்றுக்குத் தெற்கே, கொசஸ்தலையாறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோகிறது. (எண்ணூர் என்றதும் சாம்பலையும் 2023 டிசம்பர் எண்ணெய்க் கசிவையும் மாணவர்களே எடுப்பார்கள். தடுக்க வேண்டாம், அதற்குத் தனி வகுப்பு ஒதுக்குவோம் என்று சொல்லுங்கள்.) அடுத்துத் திருவொற்றியூர் முதல் இராயபுரம் வரை மணலுக்குப் பதில் பாறாங்கற்கள். முடிவில் 1876-இல் கட்டத் தொடங்கிய சென்னைத் துறைமுகம். அதன் தெற்கே தேங்கிய மணல்தான் இன்றைய அகன்ற மெரினா. மெரினாவுக்குச் சேர்ந்ததும் காசிமேட்டுக்கு வராமல் போனதும் ஒரே மணல் என்பதை மாணவர்கள் உணரும்போது வகுப்பு சற்று அமைதியாகிவிடும்.

இதைச் சொல்லி நம்பவைப்பதைவிடச் செய்து காட்டுவது மேல். சத்துணவுக் கூடத்தில் ஒரு பெரிய தாம்பாளம் வாங்கி, ஒரு பக்கம் மென்மணலைச் சரிவாகப் பரப்பித் தண்ணீர் ஊற்றுங்கள். அளவுகோலால் சாய்வாக அலை எழுப்பச் சொல்லுங்கள். நேராக அடித்தால் மணல் பக்கவாட்டில் நகராது. கரையில் ஒரு செங்கல் துண்டைச் செருகினால் பத்து நிமிடத்தில் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் குழியும்.

அரிப்பைத் தடுக்க நம் கரையில் போடப்படும் தூண்டில் வளைவும் அந்தச் செங்கல் போன்றதுதான். கடலோரக் குப்பத்திலிருந்து வரும் என் மாணவி ஒருத்தி தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "எங்க குப்பத்துக்கு ஒண்ணு கட்டித் தரணும்னு அப்பாங்க எல்லாம் மனு கொடுத்திருக்காங்க சார். கட்டினா எங்களுக்கு அடுத்த குப்பம் என்ன ஆகும்?"

அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். மனு கொடுத்தது தவறு என்ற எண்ணம் பிள்ளைக்கு வந்துவிடக் கூடாது. வீட்டு வாசலுக்குக் கடல் வந்தவர்கள் வேறென்ன கேட்பார்கள்? இரண்டாவது செங்கலைக் கொடுத்து அவர்களையே பார்க்கச் சொன்னேன். குழி வடக்கே நகர்ந்தது. பிறகு ஒரு மாணவன் தேங்கிய பக்கத்து மணலைக் கரண்டியால் அள்ளிக் குழியில் போட்டான். வழியில் நாம் கடந்த விசாகப்பட்டினத்தில் செய்வதும் ஏறத்தாழ இதுதான்: துறைமுகத்தில் தூர்வாரும் மணலை வடக்கே உள்ள கடற்கரையில் கொட்டுகிறார்கள். ஒருமுறை கொட்டினால் போதாது, அலை நிற்காதவரை கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதும் தாம்பாளத்திலேயே தெரிந்துவிடும்.

வீட்டுப் பணியாக, கடைசி வரிசை வீட்டிலிருந்து கல் வரை இன்று எத்தனை அடி, தாத்தா பாட்டி காலத்தில் எது வரை மணல் இருந்தது என்று கேட்டு எழுதி வரலாம். வீடிழந்த குடும்பத்துப் பிள்ளைகளை வகுப்பில் எழுந்து படிக்கச் சொல்ல வேண்டாம். எழுதித் தந்தால் போதும். அளவெடுத்த மாதத்தைக் கட்டாயம் குறிக்கச் சொல்லுங்கள். கரை பருவத்துக்குப் பருவம் மாறும். ஜூலை அளவை அடுத்த ஜூலையோடுதான் ஒப்பிட வேண்டும்.