லேப்ராஸ்கோபியில் தையல்: முடிச்சு விழாததற்கு மூன்று காரணங்கள்

பித்தப்பையை லேப்ராஸ்கோபியில் தயங்காமல் எடுத்துவிடும் முதுநிலை மாணவர்கள்கூட, பித்தநாளத்தைத் தைக்கச் சொன்னால் தடுமாறுகிறார்கள். “முடிச்சு விழமாட்டேன் என்கிறது சார்” என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது வேறு: போர்ட்டை எங்கே போட்டீர்கள்? நூலை எவ்வளவு நீளம் வெட்டினீர்கள்? ஊசியை எந்த இடத்தில் பிடித்தீர்கள்? பெரும்பாலும் கோளாறு இந்த மூன்றில் ஒன்றில்தான் இருக்கும்.

போர்ட்: தைக்கும் இடத்தில் இரு கருவிகளும் சுமார் 60 டிகிரி கோணத்தில் சந்திக்க வேண்டும், கேமரா நடுவில். ஸ்காட்லாந்தின் டண்டீயில் நடந்து 1997-இல் வெளியான ஆய்வும் முடிச்சுக்கு இந்தக் கோணமே உகந்தது என்றது. கோணம் குறுகினால் கருவிகள் ஒன்றோடொன்று மோதும். ஊசி, கருவித் தண்டுக்குக் குறுக்காகச் சுழல்வது. ஆகவே தைக்க வேண்டிய வெட்டு, வலக்கை நீடில் ஹோல்டரின் தண்டுக்கு ஏறக்குறைய இணையாக அமையும்படி போர்ட்டைத் திட்டமிடுங்கள். மேசையையும் தாழ்த்துங்கள், தோள் உயர்ந்தால் மணிக்கட்டு சுழலாது.

நூல்: தனித்தையலுக்கு 12 முதல் 15 செ.மீ. போதும். அதற்கு மேல் போனால் நூல் குடல்களுக்கிடையே சுருண்டு, முனையைத் தேடுவதிலேயே நேரம் போய்விடும். தொடர்தையலுக்குக் கூடுதல் நீளம் வேண்டும். பழகும் காலத்தில் பின்னல் நூலே நல்லது. ஒற்றையிழை நூல் சுருளை நினைவில் வைத்துக்கொண்டு முரண்டு பிடிக்கும்.

ஊசி: உள்ளே செலுத்தும்போது ஊசியைப் பிடிக்காதீர்கள், ஊசிக்கு 2, 3 செ.மீ. பின்னால் நூலைப் பிடித்து, 10 மி.மீ. போர்ட் வழியே கேமரா பார்வையில் இறக்குங்கள். இடக்கைக் கருவியால் ஊசிக்கு அருகே நூலைப் பிடித்துத் தொங்கவிட்டு, திசை சரியாகும்வரை மெல்லத் திருப்புங்கள். பிறகு நூல் இணையும் முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, தண்டுக்குச் செங்குத்தாகக் கவ்வுங்கள். திசுவில் நேராக இறக்கி, மணிக்கட்டைச் சுழற்றி வெளியே எடுங்கள். தள்ளினால் திசு கிழியும்.

இவை சரியென்றால் முடிச்சு எளிது. வாலை 2, 3 செ.மீ. விட்டு, நூலை ‘சி’ வடிவில் படுக்க வையுங்கள். கருவியில் இரண்டு சுற்று சுற்றி, வாலைப் பிடித்து, திசுவுக்கு இணையாக எதிரெதிர்ப் பக்கம் இழுங்கள். மேல்நோக்கி இழுக்கக் கூடாது. பிறகு திசை மாற்றி ஒற்றைச் சுற்று, மறுபடி திசை மாற்றி இன்னொன்று. முடிச்சாக உள்ளே தங்கப்போகும் நூலை நீடில் ஹோல்டரால் நசுக்காதீர்கள், அங்கேதான் அறும்.

இடம் குறுகலானால் வெளியே முடிச்சிட்டு நாட் புஷ்ஷரால் இறக்கலாம். இவ்வகையில் ஒன்றான, டான்சில் அறுவைக்குப் பயன்பட்ட ரோடர் முடிச்சை லேப்ராஸ்கோபிக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மனியின் கீல் நகர மருத்துவர் குர்ட் செம். முட்கள் கொண்ட பார்ப்டு நூலுக்கு முடிச்சே தேவையில்லை; ஆனால் அதன் வாலை ஒட்ட நறுக்க வேண்டும். நீட்டிக்கொண்டிருந்தால் குடலில் மாட்டி அடைப்பை உண்டாக்கக்கூடும்.

பயிற்சிக்குப் பெட்டிப் பயிற்சிக் கருவி போதும். அமெரிக்காவின் லேப்ராஸ்கோபி அடிப்படைத் திறன் தேர்வான எஃப்.எல்.எஸ்.-இல், பென்ரோஸ் ரப்பர் குழாயில் குறித்த இரு புள்ளிகள் வழியே தைத்து, 600 விநாடிக்குள் முடிச்சிட வேண்டும். புள்ளி தவறினாலும் முடிச்சு நழுவினாலும் மதிப்பெண் குறையும். வீட்டிலும் அப்படியே கடிகாரம் வைத்துப் பழகுங்கள்.

ஒவ்வொரு ஊசியும் பார்வையிலேயே வெளியே வர வேண்டும். வந்ததும் செவிலியர் உரக்கச் சொல்ல வேண்டும். ஊசி காணாமல் போனால் கேமராவை நகர்த்தாதீர்கள், மேசையைச் சாய்க்காதீர்கள். கடைசியாகப் பார்த்த இடத்திலிருந்து தேடுங்கள், போர்ட்டுக்குள்ளும் பாருங்கள். கிடைக்காவிட்டால் சி-ஆர்ம் வரவழையுங்கள். எண்ணிக்கை சரியாகும்வரை போர்ட்டுகளை மூடாதீர்கள்.