கடல் தாண்டிப் படிக்கும் பிள்ளையிடம் பேசுவது எப்படி?



நகையை அடகு வைத்து, வங்கியில் கல்விக் கடன் வாங்கி, பிள்ளையை டாக்டருக்குப் படிக்கச் சீனாவுக்கும் ரஷ்யாவுக்கும் அனுப்புகிற காலம் இது. "போய் இறங்கினதும் வாட்ஸ்அப்ல கூப்பிடு" என்று சொல்லித்தான் வழியனுப்புகிறோம். அங்கேதான் சிக்கல்.

சீனாவில் வாட்ஸ்அப்புக்குத் தடை. வகுப்பு அறிவிப்பு முதல் கடையில் காசு கொடுப்பது வரை அங்கே எல்லாம் வீசாட்டில்தான். அந்த வீசாட்டை 2020 ஜூனில் நம் அரசு தடை செய்தது. கொரோனாவால் அப்போது பல பிள்ளைகள் ஊரில் இருந்தார்கள். 2022 ஆகஸ்டில் சீனா மறுபடி மாணவர் விசா கொடுத்தபோது, அங்கே இது இல்லை, இங்கே அது இல்லை என்ற நிலை! ரஷ்யாவிலும் 2025 ஆகஸ்டில் வாட்ஸ்அப், டெலிகிராம் இரண்டிலும் பேசுவதற்குக் கட்டுப்பாடு வந்தது. அதனால் போகும் முன்பே, அந்த நாட்டில் எது வேலை செய்யும் என்று படிக்கும் சீனியர்களிடம் கேட்டு, இரண்டு வழியாவது வைத்துக்கொள்ள வேண்டும்.

2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைனில் போர் தொடங்கியது. எந்த எல்லைக்குப் போகலாம், எங்கே பஸ் என்று சுரங்க அறைகளில் இருந்த மாணவர்கள் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில்தான் சொல்லிக்கொண்டார்கள். சுமார் 22,500 இந்தியர்கள் ஊர் திரும்பினார்கள். அந்த நேரத்தில் பிள்ளையின் போனில் சார்ஜ் தீர்ந்தால் என்ன செய்வோம்? அறைத்தோழர் நம்பர், இந்தியத் தூதரக நம்பர் நம் கையில் இருக்க வேண்டும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பிள்ளைகள் விமான டிக்கெட், விடுதி அறை என்று எல்லாவற்றையும் இன்ஸ்டாகிராமில் போடுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, "உங்க மகனை போலீஸ் பிடிச்சிருக்கு, உடனே பணம் போடுங்க" என்று மோசடிக்காரன் கூப்பிடலாம். மகன் குரலிலேயே அழ வைக்கவும் இப்போது கருவி இருக்கிறது. பெத்த மனசு பதறும்தான். ஆனாலும் வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். "நம்ம கருப்பு ஆட்டுக்கு என்ன பேரு?" போதும். பணம் போய்விட்டால் அழுதுகொண்டு இருக்காமல் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வங்கியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

சீனா நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால், மாஸ்கோ இரண்டரை மணி நேரம் பின்னால். மலைமேல் சிக்னல் கிடைக்காத உறுப்பினர்கள், ஒடுகத்தூருக்கு இறங்கி வரும் நாளையே பேசும் நாளாகப் பிள்ளையிடம் சொல்லி வைக்கலாம். நம்பர்களைப் போனில் மட்டும் வைக்காமல், குழு பாஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் எழுதி வையுங்கள்.