பூசான் நகரின் கோதுமைக் குளிர் மீ

கடைத்தெருவில் நாம் ‘மீ’ என்று கேட்டு வாங்கி உண்ணும் உணவின் பெயர் சீனரின் ஹொக்கியன் வழக்கிலிருந்து வந்ததென்பது உங்களுட் பலர் அறிந்ததே. அச்சொல்லுக்குரிய அதே சீன எழுத்தைக் கொரிய மக்கள் ‘மியோன்’ என ஒலிப்பர். கொரிய நாட்டின் தென்கிழக்குக் கரையிலுள்ள பூசான் என்னும் துறைமுக நகரில் ‘மில்மியோன்’ என்றோர் உணவு உண்டு. ‘மில்’ என்பது கோதுமை. ஆகவே, கோதுமை மீ என்பதே அப்பெயரின் பொருள்.

கோதுமையால் மீ செய்வதில் என்ன புதுமை? அதனைப் பெயரிலேயே வைத்துக் கூறவேண்டிய தேவைதான் யாது? இதற்கு விடை காண நாம் பூசானை விட்டு வடக்கே செல்லவேண்டும்.

வடகொரியப் பகுதி மலையும் பனியும் மிகுந்தது. அங்குள்ள மக்கள் பியோங்யாங் பக்கத்தில் பக்வீட் என்னும் தானியத்தின் மாவினாலும், ஹம்ஹுங் பக்கத்தில் உருளைக்கிழங்கு மாப்பசையினாலும் மெல்லிய மீ பிழிந்து, குளிர்ந்த சாற்றில் இட்டு உண்டனர். இதற்கு ‘நெங்மியோன்’, அதாவது குளிர் மீ, என்று பெயர். இன்று கோடையில் விரும்பி உண்ணப்படும் இவ்வுணவு முற்காலத்தில் குளிர்காலத்திற்குரியதாக இருந்தது என்பது வியப்புக்குரிய செய்தி. வெளியே பனி பெய்ய, அடியில் தீமூட்டிச் சூடேற்றிய தரையின்மீது அமர்ந்து அவர்கள் அதனை உண்டனர்.

1950 ஆம் ஆண்டு ஜூன் 25 ஆம் நாள் கொரியப் போர் மூண்டது. அவ்வாண்டு டிசம்பரில், ஹம்ஹுங் நகருக்கு அருகிலுள்ள ஹுங்நாம் துறைமுகத்திலிருந்து படைகள் கப்பலேறிப் பின்வாங்கியபோது, அவற்றுடன் ஏறக்குறைய ஓர் இலட்சம் பொதுமக்களும் தெற்கே வந்து சேர்ந்தனர். ‘மெரடித் விக்டரி’ என்னும் சரக்குக் கப்பலில் பயணிகள் பன்னிருவருக்கே இடம் உண்டு. அதிலே சுமார் 14,000 பேர் ஏறினர். உணவில்லை, நீரில்லை, திரும்பிப் படுக்கவும் இடமில்லை. ஆயினும் வழியில் ஒருவரும் இறந்திலர். மாறாக, ஐந்து குழந்தைகள் பிறந்தன!

சில நாளில் ஊர் திரும்பிவிடலாம் என்றெண்ணியே பலர் முதியோரை வீட்டில் விட்டுவிட்டு வந்தனர். 1953 ஆம் ஆண்டு ஜூலை 27 இல் போர்நிறுத்தம் கையெழுத்தாயிற்று. எல்லை மூடப்பட்டது. வந்தவர் வந்தவராகவும் நின்றவர் நின்றவராகவுமே ஆயினர்.

போர்க்காலத்தில் தென்கொரிய அரசின் தற்காலிகத் தலைநகராக விளங்கிய பூசானில் மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். 1955 இல் அந்நகரின் மக்கட்டொகை பத்து இலட்சத்தைத் தாண்டியது. வீடு ஏது? துறைமுகத்தை ஒட்டிய ஊவாம் என்னும் பகுதியில், ஜப்பானியர் ஆட்சியில் மாடுகளை ஏற்றுமதிக்கு முன் நிறுத்திவைத்துச் சோதித்த கொட்டகைகள் இருந்தன. அகதிகள் அக்கொட்டகைகளைப் பலகை கொண்டு தடுத்து, சிறு சிறு அறைகளாக்கிக் குடியேறினர். அவற்றுள் எஞ்சிய ஒரு கொட்டகையைத் தென்கொரிய அரசு 2018 இல் பண்பாட்டுச் சின்னமாகப் பதிவு செய்தது.

அந்த ஊவாமில்தான், ஹுங்நாமிலிருந்து வந்த ஒரு குடும்பத்தார் ‘நேஹோ’ என்ற பெயரில் குளிர் மீக் கடை திறந்தனர். நேஹோ என்பது அவர்கள் விட்டுவந்த ஊரின் பெயர். கடைக்குப் பெயர் கிடைத்துவிட்டது. மாவுக்கு எங்கே போவது? பக்வீட்டும் உருளைக்கிழங்கு மாப்பசையும் தெற்கே அரிய பொருள்கள், விலையும் மிகுதி. அமெரிக்க உதவியாக வந்த கோதுமை மாவோ தாராளமாகக் கிடைத்தது. எனவே கோதுமை மாவுடன் கிழங்கு மாப்பசையைக் கலந்து குளிர் மீயைப் பிழிந்தனர். இது 1950களின் இறுதியில் நிகழ்ந்தது. தோற்றம் பற்றி வேறு கதைகளும் உண்டு. எனினும் இக்கடையையே மில்மியோனின் தாயகமாகப் பலரும் சுட்டுவர்.

செய்முறையைக் காண்போம். நம் வீட்டில் தாய்மார் இடியாப்பம் பிழிவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ அதே முறைதான். அச்சு மட்டும் பெரிது. பிசைந்த மாவை அச்சிலிட்டு அழுத்த, அது நூலிழைகளாகக் கொதிக்கும் நீரிலேயே நேராக விழும். வெந்தவுடன் எடுத்துக் குளிர்நீரில் பலமுறை அலசுவர். மேலே ஒட்டிய பசை நீங்கி இழைகள் இறுகுவதற்காகவே இவ்வாறு செய்கின்றனர். பக்வீட்டில் கோதுமையிலுள்ள பசைப்புரதம் இல்லாமையால் அதன் இழை எளிதில் அறும். கோதுமை இழை அறாது வளைந்து கொடுக்கும். கிழங்கு மாப்பசை அதற்கு மேலும் மெல்லும் தன்மையைத் தரும். முழுக்கக் கோதுமை மாவினாலேயே செய்யும் கடைகளும் பூசானில் உள.

சாறு மாட்டெலும்பு அல்லது பன்றியெலும்பைப் பல மணிநேரம் காய்ச்சி எடுப்பது. நம்மில் பலர் இவற்றை உண்ணார். ஆயினும் ஒரு மக்களின் உணவை அறிவது வேறு, உண்பது வேறு. அச்சாற்றில் அதிமதுரம், இலவங்கப்பட்டை முதலிய மருந்துச் சரக்குகளைச் சேர்ப்பர். பின் குளிரவைத்து, பனித்துகள் மிதக்கும் நிலையில் மீயின்மேல் ஊற்றி, மிளகாய்க் கூட்டு, ஊறவைத்த முள்ளங்கி, வெள்ளரி, இறைச்சித் துண்டு, அவித்த முட்டையில் பாதி ஆகியவற்றை வைப்பர். புளிக்காடியும் கடுகு விழுதும் அவரவர் விருப்பப்படி. சாறின்றி மிளகாய்க் கூட்டில் பிசைந்து உண்பதும் உண்டு. உணவு வருமுன் ஒரு கெண்டியில் சூடான எலும்புச்சாறு வரும். அதனைப் பருகியபடி காத்திருப்பர்.

வடக்கிலிருந்து வந்த முதியோர் சிலருக்கு இது உண்மையான குளிர் மீயாகத் தோன்றியிராது. போலி என்றும் சிலர் கருதியிருக்கலாம். எனக்கு அவ்வாறு கூற மனம் வரவில்லை. கையில் இருந்த மாவைக் கொண்டு, இனிக் காணவியலாத ஊரின் உணவைச் செய்தவர்களை எவ்வாறு போலி செய்தவர்கள் என்பது? மேலும், குளிர் மீயைவிட விலை குறைந்ததாகையால் உழைக்கும் மக்கள் வயிறார உண்டனர். பூசானிற் பிறந்தவர்களுக்கு அதுவே சொந்த ஊர்ச் சுவையாயிற்று.

அயல்நாடுகளிலுள்ள கொரிய உணவகங்களில் குளிர் மீ கிடைக்கும். மில்மியோன் கிடைப்பது மிக அரிது. பூசானுக்கு வெளியே, தலைநகர் சியோலிலுங்கூட அதனைத் தேடித்தான் செல்லவேண்டும். காரணம் எளிது. உலர்ந்த குளிர் மீயைப் பொட்டலமாகக் கடல் கடந்து அனுப்பலாம். மில்மியோனுக்கோ அன்றன்று பிசைந்த மாவும், உண்பவர் வந்தபின் அழுத்தும் அச்சும், இரவெல்லாம் காய்ந்த சாறும் வேண்டும். கிண்ணத்தில் சிறிது நேரம் கிடந்தாலும் கோதுமை இழை ஊறித் தளர்ந்துவிடும். வேறு நாடுகளில் வாழும் பூசான் மக்கள் விடுமுறைக்கு ஊர் வந்தால், பெட்டியை வீட்டில் வைத்த கையோடு மில்மியோன் கடைக்குப் போய் வரிசையில் நிற்பதில் வியப்பொன்றுமில்லை.